சாகாத செடியைச் சாகடிப்பது எப்படி?

திருஷ்டிக்காக வாசல் நிலையில் கற்றாழையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர் மேலே, இலை கீழே. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. தெருப்புழுதியும் பஸ் புகையும்தான் சாப்பாடு. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். சில வீடுகளில் அந்தக் கோலத்திலேயே குருத்து விட்டு, நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். அதே குணமுள்ள செடிகளை 120 ரூபாய் கொடுத்து வாங்கி, பீங்கான் கோப்பையில் வைத்து, தினமும் கவனித்து வளர்த்தால் இரண்டே மாதத்தில் செத்துப்போகின்றன. கவனிக்காமல் விட்டது பிழைக்கிறது, கவனித்தது போய்ச்சேருகிறது. என்ன நியாயம் இது?

சக்குலன்ட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றான செடி, அவ்வளவுதான். பெயர்தான் புதுசு. கற்றாழை, திருகுகள்ளி, ரணகள்ளி எல்லாமே இந்தக் கூட்டம்தான். பிரண்டைத் துவையல் சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே சக்குலன்ட் சாப்பிட்டிருக்கிறார்கள் :-)

ஆனால் கடையில் அந்தப் பெயரில் விற்கிறவை பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை வைத்திருக்கும் எச்செவீரியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் மேட்டு நிலங்கள். (அத்தனாசியோ எச்செவெரியா என்ற மெக்சிகோ தாவர ஓவியரின் பெயரை 1828இல் தெ காண்டோல் என்ற தாவரவியலாளர் இதற்கு வைத்தார். செடிகளை வரைந்தவருக்கு இதைவிட நல்ல சம்பளம் வேறென்ன கொடுக்க முடியும்?) வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்த்தியாவும், குட்டி மரம் போல வளரும் ஜேடும் தென்னாப்பிரிக்கப் பக்கம்.

இந்த மூன்றும் ஆளுக்கொரு தொட்டியில், திருவல்லிக்கேணியில் ஒரு மகளிர் விடுதியின் ஜன்னலில் இருந்தன. சொந்தக்காரர் ஒரு சீனியர் அக்கா. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்து 2023 செப்டம்பர் கடைசியில் கிளம்பினார். பஸ்ஸில் கொண்டுபோனால் மண் கொட்டிவிடும் என்று, அறைத்தோழியான பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவியிடம் மூன்றையும் ஒப்படைத்தார்.

"ஒண்ணும் பண்ண வேணாம்டி. அப்பப்போ தண்ணி மட்டும் ஊத்து. தீபாவளிக்கு அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

"சரிக்கா, நீங்க கவலப்படாம போங்க."

அந்த 'அப்பப்போ'வில்தான் எல்லா வில்லங்கமும். அவளுக்கு அதுவரை சொந்தமாகச் செடி வளர்த்த பழக்கமில்லை. ஊரில் பார்த்ததெல்லாம் துளசி மாடம். துளசிக்குத் தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு நாள் தவறினாலும் அம்மா கேட்பார். அந்தக் கணக்கில் இந்த மூன்றுக்கும் தினம் அரை டம்ளர். சின்னத் தொட்டிதானே, அரை டம்ளர் குறைவுதான் என்று நினைத்தாள்.

சிரிக்க வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நம்மூரில் புண்ணியக் கணக்கில் வருகிற விஷயம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்களிடம் போய், "செடி வாடினாலும் கையைக் கட்டிக்கொண்டு நில்" என்றால் யார் கேட்பார்கள்?

அக்டோபர் நடுவில் எச்செவீரியாவின் அடி இலைகள் மஞ்சளாகின. வெறும் மஞ்சள் இல்லை, விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிற கண்ணாடி மஞ்சள். தொட்டால் கையோடு வந்தது, அழுத்தினால் நீர் வடிந்தது. (அடி இலை காய்ந்து சருகானால் பயப்பட ஒன்றுமில்லை. பழைய இலையை உறிஞ்சிவிட்டுப் புது இலை விடுவது அதன் வழக்கம். கொழகொழவென்று ஆனால்தான் ஆபத்து.) தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. சீனியர் வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். வாட்ஸப்பில் கேள்வி மட்டும் வந்தது: "என் புள்ளைங்க எப்படி இருக்காங்க?" நல்ல பக்கம் தெரிகிற மாதிரி தொட்டியைத் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அடி இலை எல்லாம் போய், மேல் இலைகள் சுருங்க ஆரம்பித்தன. வற்றிய நெல்லிக்காய் மாதிரி தோலில் சுருக்கம். இலை சுருங்கினால் தாகம் என்று படித்திருந்தாள். படித்தது சரிதான். அதனால் அரை டம்ளரை முழு டம்ளர் ஆக்கினாள்.

புதிதாகச் செடி வளர்க்கிறவர்கள் விழுகிற குழி இதுதான். வேரும் மூச்சு விடும். மண் துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். அங்கே எப்போதும் தண்ணீரே நின்றால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் நுனி செத்துப்போகும், செத்த இடத்தில் பூஞ்சை வகையறாக்கள் குடியேறும். வேர் போன பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் இலைக்கு ஏறாது. ஆகவே இலை தாகத்தில் சுருங்கும். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, ஏ.டி.எம். கார்டு செத்துவிட்டது, அந்த நிலைமை. மேலும் மேலும் கணக்கில் பணம் போட்டு என்ன பிரயோசனம்?

தண்ணீர் இல்லாமலும் இலை சுருங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் செத்தாலும் இலை சுருங்கும். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது விடுதி மெஸ்ஸில் வேலை செய்யும் அக்கா. துணி காயப்போட மாடிக்கு வந்தவர், ஜன்னலோரம் இவள் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்தார்.

"மேல என்னத்தப் பாக்குற பாப்பா? சட்டியத் தூக்கிப் பாரு."

தூக்கினாள். செங்கல் கனம்.

"நீ ஊத்துன தண்ணி எல்லாம் உள்ளதான் கெடக்கு. அது குடிக்கவே இல்ல."

பத்து இணையப் பக்கங்கள் சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. காய்ந்த தொட்டி எவ்வளவு கனம், நனைந்த தொட்டி எவ்வளவு கனம் என்று கை ஒரு தடவை பழகிவிட்டால் காலண்டரே தேவையில்லை. இல்லையென்றால் ஒரு ஈர்க்குச்சியை அடிவரை செருகி வெளியே எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. 'வாரம் ஒரு முறை' என்கிற விதியெல்லாம் சும்மா. மே மாதத்து வாரமும் நவம்பர் மாதத்து வாரமும் ஒன்றா? சென்னைக்கு வருடத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். அந்த மூன்று மாதமும் ஜன்னலில் வைத்த மண் தானாகக் காயாது. சரியாக அந்த மூன்று மாதத்தில்தான் இவள் பொறுப்பேற்றிருந்தாள்.

அன்று மாலையே தொட்டியைக் கவிழ்த்தாள். சாக்கடை வாசனை. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. தொட்டியைப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: அடியில் ஓட்டையே இல்லை. கூழாங்கற்களை மேலே பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், ஈரம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கவும் வழியில்லை. இப்படி விற்கிற கடைக்காரர்களை என்ன சொல்ல. செடியை விற்கிறார்களா, அலங்காரப் பொருளை விற்கிறார்களா?

உள்ளே இருந்தது முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு, அதுதான் கோகோபீட். எடை குறைவு என்பதால் லாரியில் ஏற்ற வசதி. ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளசிக்கும் ரோஜாவுக்கும் அது சரி. இதற்கு வேண்டியது நேர்மாறு: ஊற்றியவுடன் ஓடிவிடுகிற மண். செம்மண் ஒரு பங்கு, அதற்கு இரண்டு பங்கு பருமணல், உடைத்த செங்கல் துண்டு, கரித்தூள் என்று கலந்தால் போதும். அடியில் ஒரு வரிசை ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்கு நீர் சுலபத்தில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தங்கிவிடும், வேருக்கு இன்னும் பக்கத்தில். ஓட்டை உள்ள மண்சட்டி 30 ரூபாய். பீங்கான் கோப்பையில் பேனா போட்டு வைக்கலாம்.

பிறகு அறுவை சிகிச்சை. புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, தண்டைக் கீழிருந்து வெண்டைக்காய் மாதிரி வில்லை வில்லையாக வெட்டினாள். முதல் வில்லை கறுப்பு. அடுத்ததில் நடுவில் பழுப்பு வளையம். அந்த வளையம் துளி மிச்சம் இருந்தாலும் அழுகல் மறுபடி ஏறும், அதனால் சுத்தமான வெளிர்பச்சை தெரியும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தும்போது இரண்டு சென்டிமீட்டர் தண்டும் தலையில் எட்டு இலையும்தான் மிச்சம். வாராக்கடனைத் தள்ளுபடி செய்தால் ஐந்தொகை எப்படி இளைத்துப்போகுமோ அப்படி. உடனே மண்ணில் நடக் கூடாது. வெட்டிய வாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஒரு டீ கிளாஸின் வாயில் தலையை உட்காரவைத்து, தண்டு காற்றில் தொங்குகிற மாதிரி நிழலில் வைத்தாள். உதிர்ந்ததில் நல்ல இலைகளாகப் பொறுக்கியதில் 11 தேறின. அவற்றைக் காய்ந்த மணல் மேல் படுக்கப்போட்டாள். நடவில்லை, புதைக்கவில்லை, சும்மா படுக்கை. இலை தண்டோடு சேர்கிற அடிப்பகுதி முழுதாகப் பிய்ந்து வந்திருந்தால்தான் முளைக்கும், பாதியில் முறிந்தால் முளைக்காது.

மறுநாள் மெஸ் அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு தடித்த இலையைக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தா, இது சாவாது. இத வச்சுக்க." ரணகள்ளி. 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து விளையாடுவார்களே, அதே இலை. ஓரத்துப் பள்ளங்களில் ஒவ்வொன்றாகக் குட்டிச் செடி முளைக்கும். இதுவும் மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான், ஆனால் வந்து வெகுகாலம் ஆகி உள்ளூர்க்காரராகிவிட்டது.

இந்தச் செடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து பிறகு கம்பெனியாரிடம் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹேய்ன் என்ற ஜெர்மானியர், இதன் இலையைக் கடித்துப் பார்த்தார். காலையில் புளித்தது. நடுப்பகலில் சப்பென்று இருந்தது. சாயங்காலம் லேசாகக் கசந்தது. இதை அவர் எழுதியனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815இல் அச்சானது. (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம். ஆடுமாடு அதிகம் தின்றால் இதயத்தைப் பாதிக்கிற நஞ்சு அதில் இருக்கிறது.)

புளிப்புக்குக் காரணம் பின்னால் தெரிந்தது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும், அப்போது நீரும் ஆவியாகிப் போகும். இந்தக் கூட்டத்தில் பல செடிகள் பகலில் துளையை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து, எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். விடியும்போது இலை நிறையப் புளிப்பு. வெயில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கையிருப்பை வைத்துச் சமைக்கும். எச்செவீரியாவும் ஜேடும் ஹவோர்த்தியாவும் இதே வழிதான்.

துளசி குடிக்கிற வேகத்தில் இவை ஏன் குடிப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பகலில் ஆவியாவது மிகக் குறைவு என்பதால் வேர் உறிஞ்சுவதும் குறைவு. தினம் அரை டம்ளர் ஊற்றினால் அந்த அரை டம்ளர் அப்படியே மண்ணில் கிடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. இரவு குளிர்ந்தால்தான் இந்த ஏற்பாடு நன்றாக நடக்கும். மெக்சிகோ மேட்டில் இரவு குளிரும். சென்னையில் கோடையில் இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கே கெஞ்ச வேண்டும். இங்கே விற்பனைக்கு வருகிற செடிகளில் நிறைய பெங்களூர் மாதிரிக் குளிர்ந்த ஊர் நர்சரிகளில் வளர்ந்தவை. ஊர் மாறியதிலேயே பாதி நோய் வந்துவிடுகிறது.

டீ கிளாஸில் உட்கார்ந்திருந்த தலைக்கு ஐந்து நாள் ஆனபோது மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. விடுதியிலும் இல்லை. ஃபேன் இல்லாமல், ஜன்னலைத் திறக்க முடியாமல், சுவரே வியர்த்துக்கொண்டிருந்த அறையில் வெட்டுவாய் எப்படிக் காயும்? மூன்றாம் நாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தபோது தண்டில் மறுபடி கறுப்பு. அன்று நகரத்தில் எத்தனையோ பேர் இடுப்பளவு நீரில் நின்றார்கள், செடிக்காக அழுவது அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அழுதாள். கரன்ட் வந்ததும் செய்த முதல் வேலை, சீனியருக்குச் செய்தி அனுப்பியது. தீபாவளிப் படம் ஏமாற்று வேலை என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதினாள்.

பதில் உடனே வந்தது: "லூசு, நீ நல்லா இருக்கியா? அங்க தண்ணி வந்துச்சா?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "எச்செவீரியா அது மூணாவது. மொத ரெண்டையும் நானே கொன்னுட்டேன். உன்கிட்ட சொல்லல."

மற்ற இரண்டு தொட்டிகளின் கதை சின்னது. ஹவோர்த்தியாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. புதரடியிலும் பாறை நிழலிலும் வளர்கிற ஜாதி, அறை வெளிச்சமே அதற்குப் போதும். அதன் தொட்டியில் ஓட்டையும் இருந்தது. முதன்முதலாகச் செடி வாங்குகிறவர்கள் ரோஜாப்பூ அழகில் மயங்காமல் இதை வாங்குவது உத்தமம். ஜேடுக்கு வந்தது வெளிச்சப் பஞ்சம். கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, ஜன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டி வளைந்து நின்றது. அப்படி நீண்டது மறுபடி சுருங்காது. நுனியைக் கிள்ளினால் கீழே பக்கக் கிளை வரும், கிள்ளிய துண்டையும் காயவைத்து நட்டால் அது தனிச்செடி. ஜனவரியில் வெயில் வந்த சந்தோஷத்தில் ஜேடை நேரே மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தாள். ஒரே பிற்பகலில் இலையெல்லாம் பழுப்புத் தழும்பு. நிழலில் இருந்த செடியை வெயிலுக்குப் பழக்க இரண்டு வாரமாவது வேண்டும், காலை வெயில் ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து. தழும்பு ஆறாது, அந்த இலை உதிரும்வரை அப்படியேதான்.

அந்த 11 இலைகள்? நான்கு கண்ணாடியாகி அழுகின. மூன்று சருகாயின. மிச்ச நான்கில் டிசம்பர் கடைசியில் இளஞ்சிவப்பாக நூல் மாதிரி வேர் எட்டிப்பார்த்தது. இரண்டு வேர் மட்டும் விட்டு நின்றுவிட்டன. (அப்படியும் நடக்கும். வேர் வரும், செடி வராது.) இரண்டில் மட்டும் இலையின் அடியில் கடுகளவு பச்சை, பிறகு மிளகளவு, பிறகு பார்த்தால் முழு ரோஜா அடுக்கு, பொம்மைக்கு வைக்கிற அளவில். வேர் வந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் வேர்ப்பக்கம் நாலு சொட்டு. தாய் இலையைப் பிய்க்கக் கூடாது. குட்டி அதை உறிஞ்சித்தான் வளர்கிறது, வேலை முடிந்ததும் அது தானே காகிதம் போல உலர்ந்து விழும்.

சீனியர் 2024 மார்ச்சில்தான் வர முடிந்தது. பழைய தொட்டிகள் எதையும் அவர் கேட்கவில்லை. குட்டிகளில் ஒன்றை டப்பாவில் பஞ்சு வைத்து பெங்களூருக்குக் கொண்டுபோனார். இன்னொன்று சென்னையிலேயே இருந்தது. ஒரே செடியின் இரண்டு இலைகள், ஒரே மணல் கலவை.

அந்தக் கோடையில் சென்னைக் குட்டி இலைகளை உள்பக்கமாக மடக்கி முஷ்டி மாதிரி மூடிக்கொண்டது. அக்கினி நட்சத்திரம் முழுக்க ஒரு புது இலை கூட விடவில்லை. அவள் அதைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி, உச்சி வெயில் படாமல் ஒரு துணியைக் கட்டி, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். மே மாதத்தில் ஒரு தடவை மாவுப்பூச்சி வந்தது. இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும், எறும்பு ஊர்ந்தால் சந்தேகப்படலாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள். மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து படம் வந்தது. அங்கே போன குட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்து, இலை ஓரமெல்லாம் ரோஸ் நிறம். சென்னைக் குட்டி ஐந்து ரூபாய் நாணய அளவுதான். இந்த முறை தொட்டியைத் திருப்பி வைக்காமல் இருந்தபடியே படம் எடுத்து அனுப்பினாள். பக்கத்தில் பெயின்ட் டப்பாவில் மெஸ் அக்காவின் ரணகள்ளி ஜன்னல் கம்பியைத் தாண்டி வளர்ந்திருந்தது, படத்தில் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொண்டது.